எட்டு மணிக்குக் காலியாகும் வார்டு

கிரேஸ் மீது எனக்கிருந்த பொறாமையைச் சொல்லாமல் கட்டில் கணக்கைப் பற்றி உங்களுக்கு நான் எதுவும் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே கதை. முதல்முறையாக வார்டுப் பொறுப்பை ஏற்கப்போகிறீர்கள். உங்கள் வேலையை ஓர் எண்ணாகச் சுருக்கி ஒருவர் சபையில் படிக்கும் நாள் கட்டாயம் வரும். அன்றைக்கு இது நினைவில் இருந்தால் போதும்.

கிரேஸும் நானும் பயிற்சிப் பள்ளியில் ஒரே செட்டு. ஊசி போடுவதில் அவள் கை லேசு, என் கை ஒழுங்கு. நோயாளிகள் லேசான கையைத்தான் கேட்பார்கள். பொறாமை அங்கேயே தொடங்கிவிட்டது. எழுபதுகளின் நடுவில் எங்கள் இருவருக்கும் வார்டு சிஸ்டராகப் பதவி உயர்வு ஒரே உத்தரவில் வந்தது. அவளுக்குச் செங்கல்பட்டுப் பக்கம், ரயில் நிற்கிற ஊரில் பெரிய ஆஸ்பத்திரி. எனக்குச் சதுரங்கப்பட்டினத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் கடற்கரையை ஒட்டி ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அதன் பெயர் வேண்டாம். பெண்கள் வார்டில் இருபது கட்டில்கள். உப்புக் காற்றில் துருப்பிடித்துக் கிறீச்சிடும், யார் புரண்டாலும் எந்தக் கட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். கிரேஸ் வார்டுக் கட்டில்களுக்கு வருடா வருடம் வெள்ளைப் பெயின்ட் அடித்தார்கள்.

மாதம் ஒருமுறை செங்கல்பட்டில் ஆய்வுக் கூட்டம் நடக்கும். அப்போது புதிதாக ஓர் அதிகாரி வந்திருந்தார். நேர்மையானவர். அவர் வருவதற்கு முன் சில இடங்களில் இல்லாத நோயாளியின் பெயரில் ரொட்டியும் பாலும் வாங்கி வந்தார்கள். அதை அவர் ஒரே உத்தரவில் நிறுத்தினார். தினமும் காலை எட்டு மணிக்கு, வார்டில் கண்ணால் பார்த்த தலைகளை மட்டும்தான் கணக்கில் எழுத வேண்டும். கேஸ் ஷீட்டில் பெயர் இருந்தால் போதாது, ஆள் வார்டில் இருக்க வேண்டும். அந்தத் தலைகளுக்கும் மொத்தக் கட்டில்களுக்கும் உள்ள விகிதம்தான் வார்டின் மதிப்பெண். கூட்டத்தில் மேலிருந்து கீழாகப் படிப்பார்.

மேலே எப்போதும் கிரேஸ். கீழே எப்போதும் நான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவளை அவர் "சிஸ்டர் கிரேஸ்" என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். என்னை "கடலோரம்" என்பார். "கடலோரம் கொஞ்சம் எழுந்து நில்லுங்க. இந்த மாசமும் ஏன் இப்படி?"

ஏன் இப்படி என்றால், எட்டு மணிக்குக் கட்டுமரங்கள் கரையேறும்.

கடலுக்குப் போவது ஆண்கள் வேலை. மீன் மணலில் விழுந்த பிறகு அது பெண்கள் கையில். புருஷன் பங்கைப் பிரித்து வாங்குவதும், ஏலத்தில் நிற்பதும், கூடை கட்டி மாமல்லபுரத்துக்கு அனுப்புவதும் பெண்கள்தான். அந்த நேரத்தில் கரையில் இல்லாதவளுக்கு அன்றைய பங்கில் நல்ல மீன் தங்காது. என் வார்டில் படுத்திருந்தவர்களில் பெரும்பாலோர் இப்படிப்பட்ட பெண்கள். பொறுப்பேற்ற புதிதில் ஒருநாள் காலையில் வார்டுக் கதவைப் பூட்டிப் பார்த்தேன். அன்று மாலைக்குள் பாதிப்பேர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதில் ஒருத்திக்கு டைபாய்டு முழுதாகத் தீரவில்லை.

அதன் பிறகு ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். நடக்கலாம் என்று டாக்டர் சொன்னவர்கள் மட்டும், மாத்திரையை என் கண் முன்னால் விழுங்கிவிட்டு, கட்டு ஈரமாகாமல் பாலிதீன் சுற்றிக்கொண்டு போகலாம். ஏலம் முடிந்ததும் நேராகத் திரும்பிவர வேண்டும். ஒருத்தியும் திரும்பாமல் இருந்ததில்லை. ஆனால் எட்டு மணிக்கு எண்ணினால் வார்டில் நாலு தலைகூட இருக்காது. என்ன இருந்ததோ அதை எழுதி அனுப்பினேன். ஆறு மணிக்கு எண்ணி எட்டு மணி என்று எழுதியிருக்கலாம். எனக்கு அப்படி எழுத வராது.

பொறாமை தாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்காள் வீட்டுக்குப் போகும் சாக்கில், கிரேஸின் வார்டைப் பார்க்கப் போனேன். வார்டு நிறைந்திருந்தது. பெயின்ட் பளபளத்தது. தலையணை உறையெல்லாம் ஒரே வெள்ளை. ஆனால் பொறாமைக்காரியின் கண்ணுக்கு ஒரு குணம் உண்டு, அது மெச்சிவிட்டு நகராது. ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்தேன். தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு, பையைக் கட்டிக் கால்மாட்டில் வைத்தபடி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கம்மா கெளம்பிட்டே?" என்றேன்.

"எங்க கெளம்பறது? ஒடம்பு சரியாகி நாளாச்சு. பெரிய டாக்டரு வந்து கையெழுத்து போட்டாதான் வுடுவாங்களாம். ஊட்ல மாடு கத்திகினு கீது. நான் இங்க ராணி மாதிரி ஒக்காந்துகினு கீறேன்."

அடுத்த கட்டிலில் இருந்தவள் சிரித்தாள். "ராணியம்மாவுக்கு ரொட்டி வந்தாச்சு, சாப்டு."

பின்னால் கிரேஸின் குரல். "என்னடி சரோஜா, வேவு பாக்க வந்தியா?"

"அக்கா வீட்டுக்கு வந்தேன்."

"உங்க அக்கா வீடு காஞ்சிபுரத்துலல்ல இருக்கு? சரி வா, காபி சாப்பிடு. பாத்துட்டுத்தான் போயேன், யார் வேணான்னா?"

காபியும் நன்றாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் பொய்க் கணக்கு எழுதவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். எட்டு மணிக்கு அவள் கட்டில்களில் தலைகள் இருந்தன. பெரிய டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள்தான் வீட்டுக்கு அனுப்பக் கையெழுத்துப் போடுவார், அதை அவசரப்படுத்த அவளுக்குக் காரணம் இல்லை, அவ்வளவுதான். குணமானவளை உடனே அனுப்பும் வார்டு காலியாகத் தெரியும். குணமானவளை உட்கார வைத்திருக்கும் வார்டு நிறைந்து தெரியும். நிறைந்த கட்டில் எத்தனை என்று கேட்பவரிடம், நிறைந்திருப்பது யாரால் என்றும் கேட்கச் சொல்லுங்கள். இதைக் கண்டுபிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். மனசு ஆறவில்லை. காரணம் தெரிந்துவிட்டால் பொறாமை போய்விடும் என்பது பொய்.

புரட்டாசி மாதக் கூட்டத்தில் அதிகாரி சொன்னார், காலியாகக் கிடக்கும் கட்டில்களை மூடி, தேவைப்படும் இடத்துக்குக் கொண்டுபோகப் போகிறார்களாம். தேவைப்படும் இடம் எது என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் கிரேஸைப் பார்த்தார்கள். அவள் பேனாவைப் பார்த்தாள்.

அதற்கடுத்த வாரம் சொல்லாமல் கொள்ளாமல் ஜீப் வந்து நின்றது. காலை எட்டு மணி. அதிகாரி இறங்கினார். பின்னாலேயே கிரேஸ் இறங்கினாள். கட்டிலை வாங்கிக்கொள்பவள் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும் என்று அழைத்து வந்திருக்கிறார். வெள்ளை ஷூ மணலில் புதைய அவள் நடந்து வந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மணலில் நடந்தும் அந்த ஷூ அழுக்காகவில்லை.

வார்டில் அப்போது ஒரே ஒருத்திதான் இருந்தாள். கன்னியம்மா. முதல் பிரசவம், ஏழு மாதம். கால் இரண்டும் வீங்கி, பிரஷர் ஏறியிருந்தது. இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்தே இருக்க வேண்டும், எழுந்து நடமாடினால் ஜன்னி என்கிற வலிப்பு வந்து தாயும் பிள்ளையும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் பங்கு மீனைப் பக்கத்துக் கட்டில் பாக்கியம் தன் கூடையோடு சேர்த்துப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. பாக்கியத்துக்குக் கெளுத்தி முள் குத்திப் புரையோடிய கால்.

அதிகாரி வார்டின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

"ஒன்று," என்றார்.

"மத்தவங்க கரைக்குப் போயிருக்காங்க ஐயா. இப்ப வந்துடுவாங்க. பங்கு பிரிக்கிற நேரம்."

"பேஷண்டுகள் மீன் வாங்கப் போயிருக்காங்களா?"

"விக்கப் போயிருக்காங்க ஐயா."

கிரேஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

அதிகாரி கேஸ் ஷீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி முடிப்பதற்குள் கரைக்குப் போனவர்கள் வந்துவிட்டார்கள். ஈரப் புடவை, இடுப்பில் கூடை, காலில் சுற்றிய பாலிதீன். வரிசையாக உள்ளே வந்து, கூடைகளை வராந்தாவில் இறக்கி, கையலம்பிவிட்டு அவரவர் கட்டிலில் ஏறி உட்கார்ந்தார்கள். அரை நாழிகைக்குள் வார்டு நிறைந்துவிட்டது. பாக்கியம் நொண்டியபடி வந்து கன்னியம்மாவிடம், "ஒன் பங்கு சங்கரா நல்ல வெலைக்குப் போச்சு. ஒன் மாமியாக்காரி கேட்டா, வெறும் நெத்திலிதான் கெடச்சுதுன்னு சொல்லிடு," என்றாள். பிறகுதான் அதிகாரியைப் பார்த்தாள்.

"இன்னா சிஸ்டரு, ஆரு இவரு? கட்டில எண்ணிகினு கீறாரு?"

"சும்மா இரு பாக்கியம்."

"இல்ல, விக்கறதா இருந்தா சொல்லு. நம்ப கூடையோட சேத்து ஏலத்துல வுட்டுடலாம்."

அதிகாரி சிரிக்கவில்லை. என்னிடம் அமைதியாகக் கேட்டார். "கடற்கரைக்கு நடந்து போய் வியாபாரம் பண்ணிட்டு வர்ற பொம்பளைக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் எதுக்கு?"

கேள்வியில் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டம். போகவிட்டால்தான் திரும்பி வருகிறார்கள், பூட்டினால் மருந்தே இல்லாமல் போய்விடுகிறார்கள் என்று சொன்னேன். டைபாய்டுக்காரியைப் பற்றியும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் ஏற்கெனவே எண்ணிவிட்டிருந்தார். எண்ண வருகிறவர் எண்ணுவதற்கு முன் நீங்கள் சொன்னால் அது விளக்கம். எண்ணிய பின் சொன்னால் சாக்கு. உங்கள் வார்டுக்கு என்று ஒரு வழக்கம் இருந்தால், அதை முதல் வாரமே மேலிடத்தில் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்.

எட்டுக் கட்டில்களைக் கிரேஸ் தேர்ந்தெடுத்தாள். கிறீச்சிடாத கட்டில்களாகப் பார்த்து எடுத்தாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் எடுத்திருப்பேன்.

வீக்கம் வடிந்ததும் கன்னியம்மா, வீட்டில் படுத்தே இருப்பதாகச் சத்தியம் செய்துவிட்டுப் போனாள். ஐப்பசி பிறந்தது, மழை பிடித்துக்கொண்டது. கடல் கொந்தளித்துக் கட்டுமரங்களை எல்லாம் மேட்டில் ஏற்றிக் கவிழ்த்துவிட்டார்கள். கரையில் ஏலம் இல்லை, யாருக்கும் காலையில் எழுந்து போக வேலையில்லை. பன்னிரண்டு கட்டில்களிலும் எட்டு மணிக்குத் தலைகள் இருந்தன. மழைக்காலத்துக் காய்ச்சலும் பேதியும் வேறு. கட்டிலுக்கு நடுவில் பாய் போட்டேன். ஓட்டு இடுக்கில் ஒழுகிய தண்ணீர் பாய்க்கு அடியில் ஓடியது.

கூட்டத்துக்கு முதல் நாள் கன்னியம்மா திரும்பி வந்தாள். முகம் உப்பி, கண் மங்கலாகத் தெரிகிறது என்றாள். மாமியார் கூட வந்திருந்தாள். கட்டில் இல்லை. கால் ஆறாமல் இன்னும் வார்டிலேயே இருந்த பாக்கியம் எழுந்து தன் கட்டிலைக் கொடுத்துவிட்டுப் பாயில் படுத்தாள். மாலைக்குள் அவள் கால் கட்டு நனைந்துபோனது. அதைப் பார்த்து நான் பாக்கியத்தைத் திரும்பவும் கட்டிலில் கன்னியம்மாவின் கால்மாட்டில் படுக்க வைத்தேன். இருவர் படுத்தால் ஒருக்களிக்க இடமில்லை. மல்லாந்து படுத்தால் கன்னியம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

மாமியார் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். "இதுக்கா இட்டுகினு வந்தேன்? எங்க ஊட்ல தரையாச்சும் காஞ்சி கீது. நாளைக்கு இட்டுகினு போயிடறேன்."

"போனா உசிருக்கு ஆபத்தும்மா."

"இங்க இன்னா, ஆபத்து இல்லியா? அந்தம்மா காலு இவ மூஞ்சில கீது."

"நாளைக்கு சாயந்திரம் வரைக்கும் இருங்க. செங்கல்பட்டு போய்ட்டு வரேன். கட்டிலுக்கு வழி பண்றேன்."

"சாயங்காலம் வெளக்கு வெக்கற வரைக்கும் பாப்பேன் சிஸ்டரு. அப்பறம் ஒன் பேச்சு கேக்க மாட்டேன்."

மறுநாள் கூட்டத்தில் அதிகாரி தாளைக் கையில் எடுத்தார். முதல் இடம். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "கடலோரம்," என்றார். பிறகு, "சிஸ்டர் சரோஜா," என்றார்.

கட்டில்கள் குறைந்துவிட்டன, தலைகள் கூடிவிட்டன. நூற்றுக்கு மேல் போயிருந்தது. மேசைகளைத் தட்டினார்கள். கிரேஸின் வார்டு எங்கோ கீழே இருந்தது. ஏரிகள் நிரம்பிக் கிராமத்துப் பஸ்கள் நின்றுவிட்டதால் அவளிடம் ஆள் வரவில்லை. என்னிடமிருந்து போன எட்டும் மெத்தை இல்லாமல் அவள் வராந்தாவில் அடுக்கிக் கிடந்தன, ஆனால் கணக்கில் அவள் கட்டில்கள். எதிர்வரிசையில் அவள் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். வருடக்கணக்கில் அது என் முகத்தில் இருந்தது. ஒரு தம்ளர் டீ ஆறும் நேரம் அதை அனுபவித்தேன். அதன்பின் எழுந்து நின்றேன்.

"ஐயா, அந்த எண் நல்லதில்ல. ஜனங்க தரையில தண்ணியில படுத்திருக்காங்க. பிரஷர் ஏறின கர்ப்பிணி ஒருத்திகூட இன்னொரு பேஷண்டைப் படுக்க வச்சிருக்கேன். கட்டிலைத் திருப்பிக் கொடுங்க. இன்னிக்கே வேணும்."

அவருக்கு வருத்தம்தான். ஆனால் சிரித்தார். "குறைஞ்ச கட்டில்ல இவ்வளவு சேவை. இதைத்தானே நான் எல்லாரையும் கேக்கறேன்? மழை நின்னா கூட்டம் குறையும். அடுத்த காலாண்டில் பார்ப்போம். உட்காருங்க."

உட்காரவில்லை. திரும்பவும் சொன்னேன். திரும்பவும் உட்காரச் சொன்னார். முதல் இடத்தில் இருப்பவள் குறை சொன்னால் அது அடக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். விளக்கு வைக்கும் நேரம் மட்டும்தான் என் தலைக்குள் ஓடியது.

கிரேஸ் எழுந்தாள்.

"ஐயா, அந்த எட்டுக் கட்டிலும் என் கணக்குல எதுக்கு? மெத்தை கிடையாது, ஆள் கிடையாது. வராந்தாவுல நின்னு என் மதிப்பெண்ணைத்தான் தின்னுக்கிட்டு இருக்கு. எடுத்துடுங்க."

"எடுத்து எங்கே வைக்கிறது சிஸ்டர்?"

"எங்க இருந்து வந்ததோ அங்க வையுங்க. அவ தலையில போடுங்க."

அவருக்கு அவள் பேச்சு எப்போதும் ருசிக்கும். தாளில் எட்டை இங்கே கழித்து அங்கே கூட்டினார். அவ்வளவுதான். என் நியாயம் செய்யாததை அவள் பொறாமை ஒரு நிமிடத்தில் செய்தது. மேலிடத்தில் நியாயம் எடுபடாத இடத்தில், யாருக்கு எந்த எண் உறுத்துகிறது என்று பாருங்கள். அங்கே தட்டினால் கதவு திறக்கும். இதை எந்தப் பாடப் புத்தகத்திலும் எழுத மாட்டார்கள்.

வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்தேன். "நன்றிடி."

"நன்றியெல்லாம் வேணாம். அடுத்த மாசம் பாரு, நான்தான் முதல்."

"தெரியும்."

"லாரிக்கு நானே சொல்லிடறேன். நீ கேட்டா நாளைக்குன்னு சொல்வாங்க. எனக்குன்னா இன்னிக்கே வரும்." அதுவும் உண்மைதான். அதுவும் எனக்கு உறுத்தியது.

லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் சாலையில் தண்ணீர் முழங்கால் அளவு நின்றது. பின்னால் கட்டில்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே வந்தன. போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாமியார் மூட்டை கட்டி வராந்தாவில் வைத்திருந்தாள். கன்னியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட்டிப்போக வந்த மாட்டுவண்டி மழையில் நனைந்துகொண்டிருந்தது.

"வெளக்கு வெச்சாச்சு சிஸ்டரு," என்றாள் மாமியார்.

"கட்டில் வந்தாச்சும்மா."

அவள் லாரிக்குள் எட்டிப் பார்த்தாள். "மெத்த?"

"கிழிஞ்ச மெத்தை இருக்கு, போட்டுத் தரேன். அவளை நிக்க வைக்காதீங்க, உள்ள கூட்டிட்டு வாங்க."

மூட்டையைத் தூக்கிக்கொண்டாள். வண்டிக்காரனைப் பார்த்து, "நைனா, மாட்ட அவுத்துடு," என்றாள்.

கன்னியம்மா ஜன்னலோரக் கட்டிலில், தனியாக, இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்தாள். பிரசவம் வரைக்கும் எழவிடவில்லை. இரண்டு முறை பிரஷர் ஏறிப் பயமுறுத்தினாள், ஜன்னி மட்டும் வரவில்லை. மழை ஓய்ந்து கடல் அடங்கிய பிறகு ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள்.

அடுத்த கூட்டத்து நாள் காலையில் வெயில். கட்டுமரங்கள் திரும்பவும் கடலுக்குப் போகத் தொடங்கியிருந்தன. எட்டு மணிக்கு வார்டில் நடந்தேன். இருபது கட்டில்கள், அதில் பத்தொன்பது காலி. ஜன்னலோரக் கட்டிலில் மட்டும் கன்னியம்மா படுத்திருந்தாள், பக்கத்தில் குழந்தை. பிறந்த குழந்தைக்கு அந்தக் கணக்கில் இடம் கிடையாது. ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினேன்.

கிரேஸ்தான் முதல். நான் கடைசி. மேசைகளைத் தட்டியபோது நானும் தட்டினேன், எரிச்சலோடுதான். அதிகாரி தாளை மடித்துவிட்டு, "கடலோரம், எழுந்து நில்லுங்க," என்றார்.

எழுந்து நின்றேன்.